ரோலருக்குக் கதவு திறந்தவன்

எங்கள் ஓய்வுபெற்ற பணியாளர் சங்கம் ஆண்டு மலர் போடுகிறது. "பாய், நீங்க முப்பது வருஷம் பார்க்குலயே இருந்தவரு, ரெண்டு மூணு பக்கம் அனுபவம் எழுதிக் குடுங்க" என்று கேட்டார்கள். மலரில் எழுதுகிற மற்றவர்கள் வாங்கின பாராட்டை எழுதுவார்கள். பக்கத்திலேயே பொன்னாடை போட்ட புகைப்படம் வரும். எனக்கும் ஒரு தடவை பொன்னாடை போட்டிருக்கிறார்கள். அது எதற்காக என்பதைத்தான் எழுதப் போகிறேன். படித்துவிட்டு, இதை மலரில் போடுவதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

மழை பெய்தால் அடுத்த நாள் காலையில் எனக்கு ஒரு போன் வரும். மறைமலை நகரில் மகள் வீட்டில் இருக்கிற வசந்தா அக்கா கூப்பிடுவார். நலமா, சாப்பிட்டீர்களா எதுவும் கிடையாது.

"இன்னா பாய், மண்ணு எப்படி கீது? தண்ணி எறங்குதா, இல்ல மேலயே நின்னுகினு கீதா?"

நான் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்வேன். அவர் வயதில் என்னைவிடச் சின்னவர்தான். தெருவே அக்கா என்று கூப்பிடுவதால் எனக்கும் அக்கா. கிழக்குத் தாம்பரத்தில் நான் கடைசியாக வேலை பார்த்த பூங்காவின் தாழ்ந்த பக்கச் சுவரை ஒட்டி அவருடைய சொந்த வீடு இருக்கிறது. தரைத்தளம், இரண்டு அறை. வீட்டுக்காரர் இறந்த பிறகு அந்த முன்னறையில்தான் ரவிக்கை தைத்துப் பிழைத்தார். அந்த வீட்டைப் பூட்டிவிட்டுப் போய் வருஷங்கள் ஆகின்றன. பூங்காவின் மண் சரியானால் திரும்பி வரலாம், சரியாகாவிட்டால் வர முடியாது. அவருக்கு மண் என்பது இவ்வளவுதான். எனக்கும் அப்படி ஆகிவிட்டது.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். திருமுடிவாக்கத்தில் ஒரு லேத் பட்டறையில் சேர்த்துவிட்டார்கள். மெஷினைப் பார்த்தாலே விரல் போய்விடும் என்று பயம். இரண்டு வருஷம் விரலை எண்ணிக்கொண்டே இருந்துவிட்டு, பூங்காப் பிரிவில் தினக்கூலிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றதும் ஓடிவந்துவிட்டேன். பிறகு நிரந்தரம் ஆனது. முதல் பதினைந்து வருஷத்தில் கற்றுக்கொண்டது பெருக்குவது, கொளுத்துவது, தண்ணீர் காட்டுவது, புல் வெட்டுவது. மண் என்றால் எங்களுக்கு அழுக்கு. நடக்க வருகிறவர்கள் செருப்பில் ஒட்டாமல் இருந்தால் நல்ல மண். ஒட்டினால் புகார்.

நான் சுபாவத்திலேயே பயந்தவன். பூங்கா கேட்டைப் பூட்டிவிட்டுச் சந்து முனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். சாவி இரண்டு செட் வைத்திருப்பேன், ஒன்று இடுப்பில், இன்னொன்று சட்டைப் பையில். வானத்தில் மேகம் கூடினால் நான் குடையை எடுத்து வாசலில் வைத்துவிடுவேன். "மழை வர்றதுக்கு முன்னாடியே நீங்க நனைஞ்சிடுறீங்க" என்பாள் என் மனைவி ஜமீலா.

இப்படி இருந்தவனிடம்தான் அந்த மேடம் வந்து சேர்ந்தார். உதவிப் பொறியாளர். என்னைவிட இருபது வயது இளையவர். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே பூங்காவை ஒரு சுற்று பார்ப்பார். பிறகு செருப்பைக் கழற்றி கேட் ஓரமாக வைத்துவிட்டு வெறுங்காலோடு நடப்பார். ஒரு பொறியாளர் வெறுங்காலோடு நடந்து நாங்கள் பார்த்ததில்லை. கேள்வி கேட்டால் பதில் வரும் வரை பேசாமல் நிற்பார். நாம் உளறினாலும் குறுக்கே வரமாட்டார். "நீங்க என்ன நினைக்கிறீங்க பாய்?" என்று முதல் நாள் கேட்டார். அதுவரை எந்த அதிகாரியும் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. ஏதோ தப்பு கண்டுபிடித்துவிட்டார் என்று எனக்கு வியர்த்துவிட்டது.

மேலிடத்தில் இருந்து போன் வந்தால் மட்டும் வேறு ஆள். "ஓகே சார். ஓகே சார். பண்ணிடலாம் சார்." போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் தரையையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

அவர் கொண்டுவந்த சோதனைக்கு ஒரே ஒரு சாமான்தான் வேண்டும், பெயின்ட் டப்பா. அஞ்சு லிட்டர் டப்பாவின் அடியை வெட்டி எடுத்துவிட வேண்டும். வெட்டின விளிம்பு கீழே வரும்படி மண்ணில் வைத்து, மேலே ஒரு பலகையைப் போட்டு, சுத்தியலால் சமமாகத் தட்டி நாலு விரல் ஆழம் இறக்க வேண்டும். ஒரு பக்கமாகச் சாய்ந்தால் பிடுங்கிவிட்டு வேறு இடத்தில் மறுபடியும். உள்ளே அரைச் சாண் உயரத்துக்குத் தண்ணீர். அது முழுக்க இறங்கும் வரை காத்திருந்து, அதே அளவு திரும்பவும் ஊற்ற வேண்டும். இந்த இரண்டாவது தண்ணீருக்குத்தான் நேரம் பார்ப்பது.

"ஏன் மேடம், முதல் தடவையே பார்த்தா என்ன?"

"காய்ஞ்ச மண்ணு எதைக் குடுத்தாலும் குடிக்கும் பாய். முதல் தண்ணி பொய் சொல்லும். வயிறு நிறைஞ்ச பிறகும் குடிக்குதான்னுதான் நமக்குத் தெரியணும். மழை ஒரு டப்பாவோட நிக்காதில்ல?"

அன்றைக்கு இரண்டாவது தண்ணீரை ஊற்றிவிட்டு நான் டீ குடித்துவிட்டு வந்தேன், மூன்று பாத்தி களை எடுத்தேன், மதியம் லுகர் தொழுகையை முடித்துவிட்டு வந்தேன். தண்ணீர் டப்பாவுக்குள் அப்படியே நின்றது. என் முகம் அதில் தெரிந்தது. மேடம் மண்வெட்டியை வாங்கி ஒரு சாண் தோண்டினார். கல், உடைந்த டைல்ஸ், சிமென்ட் கட்டி, பிளாஸ்டிக் பை. பூங்கா கட்டும்போது இடித்த வீட்டுக் குப்பையைக் கொட்டி, மேலே ரெண்டு லோடு செம்மண்ணைத் தூவி, புல் பதித்திருக்கிறார்கள். பல வருஷம் அந்தப் புல்லுக்குத் தண்ணீர் காட்டியவன் நான். அடியில் என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் பார்க்கவில்லை.

"ஏரிக்குப் போக வேண்டிய தண்ணி வழியில கொஞ்சம் நிக்குற பள்ளம் பாய் இது. இங்க மண்ணு குடிச்சாதான் அந்தத் தெரு பிழைக்கும்" என்று சுவருக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார்.

வசந்தா அக்கா வீட்டில் அப்போது வருஷா வருஷம் தண்ணீர் ஏறும். ஐப்பசி பிறந்தால் தையல் மெஷினைத் தூக்கி நாலு செங்கல் மேல் வைத்துவிட்டு, முக்காலி போட்டு உட்கார்ந்து தைப்பார். கால் எட்டாமல் மிதிக்க முடியாது என்பதால் மோட்டார் வைத்திருந்தார். சுவருக்கு மேல் தலையை நீட்டி, "டப்பா மேடம் வந்துட்டாங்களா? பெயின்ட் அடிக்கப் போறீங்களா, மண்ணுக்கு?" என்று கிண்டல் செய்வார்.

இரண்டு வருஷம் வேலை நடந்தது. தாழ்ந்த பக்கம் முழுவதும் குப்பையை வாரி வெளியே எடுத்தோம். இலை கொளுத்துவதை நிறுத்தினோம். விழுந்த இலையை மரத்தடியிலேயே வட்டமாகப் பரப்பி வைத்தோம். அதற்குப் புகார் வந்தது, பூங்காவில் குப்பை என்று. சுவரை ஒட்டி நீளமாக ஒரு பள்ளம் இழுத்து, மக்கிய இலையைக் கலந்து, கல்வாழையும் வெட்டிவேரும் நட்டோம். களிமண் பூமி. ஈரமாக இருக்கும்போது அதன்மேல் ஆள் நடக்கக் கூடாது என்று மேடம் கயிறு கட்டச் சொன்னார். "ஈரத்துல மிதிச்சா உள்ள இருக்குற சின்னச் சின்ன ஓட்டையெல்லாம் அடைஞ்சிடும் பாய். மண்ணு மூச்சு விடுறதும் தண்ணி குடிக்கிறதும் அது வழியாத்தான்."

அந்த இரண்டு வருஷத்தில் நான் பார்த்தவற்றைச் சொல்கிறேன். முதலில் எறும்பு வந்தது. பிறகு மண்புழு, காலையில் குட்டிக் குட்டிக் குவியலாக மண்ணைக் கக்கி வைத்திருக்கும். அதைக் கொத்த மைனா வந்தது. சித்திரை வெயிலில் தெருவில் திரிந்த ஒரு செவலை நாய் பூங்காவுக்குள் வந்து, தூங்குமூஞ்சி மரத்தடி இலையைக் காலால் விலக்கி, மண்ணைக் கொஞ்சம் பறித்து, அந்தக் குழியில் வயிற்றை வைத்துப் படுத்தது. நான் அதை எழுப்பிவிட்டுக் கையை வைத்துப் பார்த்தேன். தண்ணீர்ப் பானையைத் தொட்டது போல் சில்லென்று இருந்தது. பத்தடி தள்ளி சிமென்ட் பெஞ்சில் உட்கார முடியவில்லை. பக்கத்து அடுக்குமாடியின் வாட்ச்மேன், கிணற்றில் கோடையிலும் தண்ணீர் நிற்கிறது என்று வந்து சொன்னார். வண்டிப் புகையில் கொஞ்சத்தைக்கூட நல்ல மண் மரத்தின் வழியாக இழுத்து வைத்துக்கொள்ளும் என்றார் மேடம். அதை நான் பார்க்கவில்லை, அதனால் எழுத எனக்குத் தயக்கம்தான். நாய் படுத்ததைப் பார்த்தேன்.

டப்பாவை மறுபடி இறக்கினோம். இரண்டாவது தண்ணீரை ஊற்றிவிட்டுக் கை கழுவிக்கொண்டு திரும்பினேன். டப்பா காலி. யாரோ கவிழ்த்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

அந்த ஐப்பசியில் வசந்தா அக்கா வீட்டு வாசல்படிக்குக்கூடத் தண்ணீர் வரவில்லை. அடுத்த வருஷமும் வரவில்லை. அப்போதும் மெஷின் செங்கல் மேல்தான் இருந்தது. ஒரு நாள் சுவரோரம் நின்று கேட்டார்.

"முக்காலியில குந்தி குந்தி இடுப்பு போச்சு பாய். மெஷினைக் கீழ எறக்கிடட்டா? நீங்க சொன்னா எறக்கிடறேன்."

எதற்கும் உறுதி சொல்லாதவன் நான். நாளைக்கு வெள்ளிக்கிழமையா என்று கேட்டாலும் காலண்டரைப் பார்த்துவிட்டுத்தான் சொல்வேன். அன்றைக்கு என்னவோ, வாழ்க்கையில் முதல் தடவையாக, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்.

"இனிமே வராது அக்கா. தரையில வைங்க."

அந்த வாக்கியத்தை நான் எத்தனையோ தடவை திரும்பிப் போய் இழுத்துப் பார்த்துவிட்டேன். அது பூட்டவே இல்லை.

அதற்கு அடுத்த வருஷம் பூங்காவில் குழந்தைகளுக்கு ஊஞ்சலும் சறுக்கும் போட்டார்கள். திறப்பு விழா, மேலிடத்தில் இருந்து பெரியவர்கள் வருகிறார்கள். விழாவுக்கு முன் மூன்று நாள் விடாத மழை. பூங்கா குடித்துவிட்டது, தெருவில் ஒரு சொட்டு நிற்கவில்லை. ஆனால் மண் நெகிழ்ந்து கிடந்தது. பந்தல் போடுகிற இடம் அந்தத் தாழ்ந்த பக்கம்தான். விழாவுக்கு முந்தின நாள் காலை கேட்டில் ஹாரன் சத்தம். லாரியில் ஒரு ரோலர். ஒப்பந்தக்காரரின் ஆள் பாபு குதித்து இறங்கினான்.

"தொற பாய். ஒரு மணி நேர வேலை. நல்லா உருட்டி வுட்டா சும்மா ஏர்போர்ட் மாதிரி ஆய்டும்."

"ஈரமா இருக்குப்பா. மேடம் யாரும் மிதிக்கவே கூடாதுன்னு கயிறு கட்டியிருக்காங்க. ரெண்டு நாள் காயட்டும்."

"ரெண்டு நாளா? விழா நாளைக்கு பாய். இன்னா, உருட்டுனா மண்ணுக்கு வலிக்குமா? தைலம் தேச்சு வுடு."

லாரியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் மேடத்துக்குப் போன் செய்தேன். மாமியார் இறந்து ஊருக்குப் போயிருந்தார். நாலு தடவை அடித்தேன், எடுக்கவில்லை. அதற்குள் பாபு மேலதிகாரிக்குப் போன் போட்டு என் காதில் வைத்துவிட்டான்.

"யாரு, பாயா? நாளைக்கு அந்தச் சேத்துல ஒரு அம்மா வழுக்கி விழுந்தா நீ பொறுப்பு எடுத்துப்பியா? எழுதிக் குடுக்கறியா?"

யாருக்கும் எதையும் எழுதிக் கொடுத்தவன் இல்லை நான். ஓய்வுக்கு நாலு வருஷம் இருந்தது. யாரோ ஒரு அம்மா வழுக்கி விழுவது, இடுப்பு ஒடிவது, என்னை வேலையை விட்டு நீக்குவது, ஜமீலா அழுவது எல்லாம் வரிசையாகக் கண்ணில் ஓடியது. வசந்தா அக்காவின் மெஷின் கண்ணில் வரவில்லை. அதுதான் உண்மை. வராமல் போனதை நான் மறைக்கப் போவதில்லை.

சாவி என்னிடம்தான் இருந்தது. இரண்டு செட்டும். சட்டைப் பையில் இருந்ததை எடுத்துத் திறந்தேன். கயிற்றை நானே அவிழ்த்தேன்.

ரோலர் போகப் போக மண்ணில் இருந்து தண்ணீர் பிதுங்கி வந்தது, ஈரத்துணியைப் பிழிந்தது போல. ஏழு எட்டு சுற்று ஓட்டினார்கள். கல்வாழையில் பாதி மடங்கிப்போயிற்று. கடைசியில் அந்த இடம் எண்ணெய் தடவின தோசைக்கல் போலப் பளபளத்தது. பாபு அதன்மேல் ஒரு காலால் குதித்துக் காட்டினான். தடம்கூட விழவில்லை.

விழா நன்றாக நடந்தது. யாரும் வழுக்கவில்லை. "இத்தனை மழையிலும் தரை எவ்வளவு சுத்தமா வெச்சிருக்காரு" என்று மேடையில் என்னைக் கூப்பிட்டுப் பொன்னாடை போட்டார்கள். எல்லாரும் கை தட்டினார்கள். நான் அழுதேன், சந்தோஷத்தில் அழுகிறேன் என்று புகைப்படக்காரர் கிட்ட வந்து எடுத்தார். அந்தப் படம் கேட்டால் தருகிறேன், மலரில் போட்டுக்கொள்ளலாம்.

ஆறாவது நாள் மழை வந்தது. பெரிய மழைகூட இல்லை. அதைவிடப் பெரிய மழையை அந்த மண் சத்தமில்லாமல் குடித்திருக்கிறது. அன்றைக்குப் பூங்காவில் விழுந்த தண்ணீர் விழுந்த வேகத்திலேயே சுவரோர ஓட்டை வழியாகத் தெருவுக்கு இறங்கியது. நான் மண்வெட்டியோடு ஓடிப் போய்க் கரை கட்டப் பார்த்தேன். கட்டுவதற்கு மண் வரவில்லை. மண்வெட்டி டங்கென்று எழும்பியது.

வசந்தா அக்கா வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். முகூர்த்த மாதம். ஒரு கல்யாணப் பெண்ணின் ரவிக்கைகள் கொக்கி மட்டும் பாக்கியாகத் தரையில் பெட்டியில் இருந்தன. சாயம் ஒன்றோடு ஒன்று இறங்கிவிட்டது. மெஷினின் மோட்டார் தண்ணீருக்குள். அவர் என்னைப் பார்த்துக் கத்தவில்லை. ரவிக்கை ஒன்றைப் பிழிந்துகொண்டே சொன்னார்.

"வராதுன்னு சொன்னியே பாய்."

எப்போதும் நீங்க என்பவர். அன்றைக்கு நீ.

மேடம் ஊரிலிருந்து வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றாமல் பார்த்தார், செருப்பைக் கழற்றவில்லை. டப்பாவை எடுத்து வரச் சொன்னார். பலகை போட்டு அடித்தும் டப்பா இறங்கவில்லை, விளிம்பு மடங்கியது. கடைசியில் எப்படியோ இறக்கி ஊற்றினோம். முதல் தண்ணீரே நின்றது. பக்கத்தில் குந்தியபடி இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நான் திறந்திருக்கக் கூடாது மேடம்."

தண்ணீரில் விரலை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். "எனக்கு அங்க சிக்னல் இல்ல பாய். இருந்திருந்தா... நானும் ஓகே சார்னுதான் சொல்லியிருப்பேனோ என்னவோ."

"சரி பண்ண முடியாதா?"

"ஒரு மணி நேரத்துல கெட்டது. ஆனா சரியாக வருஷக்கணக்காகும். மெஷின் வெச்சுத் தோண்டினா இன்னும் கெடும். கையாலதான். புழு திரும்பி வரணும்."

மூன்று மாதத்தில் அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். போகும்போது டப்பாவை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

மீதி நாலு வருஷம் நான் செய்தது ஒரே வேலை. மழை இல்லாத நாளில், மண் லேசாக ஈரம் காய்ந்த பதத்தில், கடப்பாறையால் முழங்கை ஆழத்துக்குக் குத்துவேன். ஒரு குத்துக்கும் அடுத்த குத்துக்கும் ஒரு சாண். ஒவ்வொரு ஓட்டையிலும் மக்கிய இலையை விரலால் திணித்து அடைப்பேன். ஒரு நாளைக்கு ஒரு வரிசை. ஒரு வரிசை முடிந்தால் தோள்பட்டை எரியும். நடக்க வருகிறவர்கள், "பாய் எலி பிடிக்கிறாரு" என்பார்கள். முதல் இரண்டு வருஷம் ஒன்றும் தெரியவில்லை. நாய் திரும்பி வரவில்லை, நிறுத்தியிருக்கிற கார்களுக்கு அடியில் படுத்தது. அந்த இரண்டு வருஷமும் வசந்தா அக்கா வீட்டில் தண்ணீர் ஏறியது. இரண்டாவது வருஷம் அவர் வீட்டைப் பூட்டினார். மகள் வந்து ஆட்டோவில் சாமான் ஏற்றினாள். அப்போதுதான் எனக்குச் சொல்ல வாய் வந்தது. ரோலருக்குக் கதவைத் திறந்தது நான்தான் என்று சொன்னேன். அதுவரை அவர் மழையைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்.

"நீ தொறக்காட்டி வேற எவனாவது தொறந்திருப்பான்" என்றார். பூட்டை இழுத்துப் பார்த்தார். "ஆனா நீ தொறந்துட்டியே பாய்."

ஆட்டோவில் ஏறின பிறகு தலையை நீட்டி, "அந்த மண்ணு சரியாச்சுன்னா போன் பண்ணு" என்றார். நான் பண்ணுவதற்கு முன் அவரே பண்ண ஆரம்பித்துவிட்டார்.

நான் ஓய்வு பெறும்போது சுவரோரத் துண்டு மட்டும் கொஞ்சம் தேறியிருந்தது. எனக்குப் பிறகு ஒப்பந்தத்தில் வந்த சுமதி என்கிற பெண் கடப்பாறையை வாங்கிக்கொண்டது. "நீ செய்யணும்னு கட்டாயம் இல்லம்மா" என்றேன். "எனக்கு மட்டும் வேற இன்னா பெரிய வேலை பாய், வுடுங்க" என்றது. நான் வாரத்தில் மூன்று நாள் போய் நிற்பேன். புழு வந்தது. போன கோடையில் நாய் வந்தது, பழைய நாய் இல்லை, வேறு ஒன்று. அதே மரத்தடியில் அதே மாதிரி பறித்துப் படுத்தது. போன மழைக்காலத்தில் தண்ணீர் வசந்தா அக்காவின் வாசல்படி வரை வந்து நின்றுவிட்டது. உள்ளே ஏறவில்லை. இரண்டாவது தண்ணீர் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் இறங்கியது. அதை நான் போனில் சொன்னபோது, இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பிறகு, "பொங்கல் கழிஞ்சு வெள்ளையடிக்க ஆள் சொல்றேன், பார்த்துக்குங்க" என்றார். மறுபடி நீங்க போட்டுப் பேசினார்.

பொங்கல் கழிந்தது. சுவரோரத் துண்டு முழுவதும் பேவர் கல் பதித்து உடற்பயிற்சிச் சாமான் வைக்கப் போவதாகச் சுமதி சொன்னது. யாரோ அதிகாரி வேண்டுமென்றே செய்தது இல்லை. சேறு, கொசு, பாம்பு வருகிறது என்று ஜனங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். வசந்தா அக்காவின் தெருவில் இருந்தும் கையெழுத்து இருந்தது. நான் டப்பாவைத் தூக்கிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். புதிதாக வந்த அதிகாரி மரியாதையான பையன். ஒரு நாள் பூங்காவுக்கே வந்தார். நான் டப்பாவை இறக்கி, முதல் தண்ணீர், இரண்டாவது தண்ணீர் எல்லாம் காட்டினேன். பேசிப் பேசி வாய் உலர்ந்தது.

"சூப்பர் பாய்! திரும்ப ஒரு தடவை ஊத்துங்க, வீடியோ எடுத்துக்கறேன்" என்றார்.

ஊற்றினேன். எடுத்துக்கொண்டார். இருபது நாளில் கல் வந்து இறங்கியது.

அன்றைக்குக் காலை ஒன்பது மணிக்குச் சுமதி போன் செய்தது. பின்னால் ஹாரன் சத்தம் கேட்டது.

"பாய், ரோலர் வந்து நிக்குது. சாவி என்கிட்ட கீது. தொறக்க மாட்டேன்னு சொன்னேன், நாளையிலேர்ந்து வேலைக்கு வராதன்றாங்க. இன்னா பண்ணட்டும் பாய்?"

அந்தப் பெண்ணுக்கு இரண்டு பிள்ளைகள். வீட்டுக்காரர் குடிக்கிறவர். கேட் திறக்காவிட்டாலும் சுவரை இடித்துக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள். இதெல்லாம் நான் அப்புறம் யோசித்துச் சேர்த்துக்கொண்ட காரணங்கள். அந்த நிமிஷம் எனக்கு வந்தது பழைய பயம்தான்.

"தொறந்துடும்மா" என்றேன்.

நான் போய்ச் சேர்வதற்குள் கல்வாழையெல்லாம் ஓரமாகக் குவிந்து கிடந்தது. பாபு இப்போது தானே ஒப்பந்தக்காரன், வெள்ளைச் சட்டை, தலையில் நரை. என்னை அடையாளம் தெரிந்து வந்து கையைப் பிடித்தான்.

"இன்னா பாய், நல்லா கீறீங்களா? இன்னமும் மண்ணுக்கு வலிக்குதா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டான். கெட்டவன் இல்லை. டீ வாங்கிக் கொடுத்தான். "கல்லுக்கு நடுவுல கேப் வுடுறோம் பாய், தண்ணி அது வழியா போவும்" என்றான். கேப் வழியாகப் போகும் தண்ணீர் எதற்குள் போகும்? நான் கேட்கவில்லை. டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

போன வாரம் கோடை மழை ஒன்று அரை மணி நேரம் பெய்தது. அடுத்த நாள் காலை டப்பாவை எடுத்துக்கொண்டு போனேன். எதற்கு எடுத்துக்கொண்டு போனேன் என்று தெரியவில்லை. அதை இறக்க அங்கே இடம் இல்லை. கல்லில் இருந்து சூடு எழும்பிக்கொண்டிருந்தது. நாயைக் காணவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். வசந்தா அக்கா வீட்டுக் கதவில் புது ஈரக்கோடு. அதற்கு மேல் பாதிச் சுவர் வெள்ளையடித்திருந்தது. நின்றுகொண்டிருக்கும்போதே போன் அடித்தது.

"இன்னா பாய், மண்ணு எப்படி கீது?"

"வராதீங்க அக்கா" என்றேன்.

 பின்னால் அவர் பேத்தியின் பள்ளிக்கூட வேன் ஹாரன் கேட்டது.

"எப்பவுமேவா?"

"கல்லு போட்டுட்டாங்க அக்கா. இந்தத் தடவையும் தொறக்கச் சொன்னது நான்தான்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. பெருமூச்சு விட்டார். பிறகு, கணக்கு முடித்துக் கடையைச் சாத்துகிறவர் போல, சாதாரணக் குரலில் கேட்டார்.

"சரி வுடுங்க. இங்க மக வூட்ல மெஷினை இன்னும் செங்கல் மேலதான் வெச்சிகினு கீறேன், பழக்கம். எல்லாம் சிரிக்கறாங்க. எறக்கிடவா? மூணாவது மாடி பாய். இங்க தண்ணி வராதில்ல?"

மூன்றாவது மாடி. ஜமீலாவிடம் கேட்டிருந்தால் சிரித்துக்கொண்டே வராது என்றிருப்பாள். எந்தக் குழந்தையும் சொல்லும். நான் டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு, அந்தக் கல்லின் மேல் நின்றுகொண்டு, வராது என்று சொல்லப் பார்த்தேன். எனக்கு வாய் வரவில்லை.